மேலே வரும், உள்ளே போகும்: நோயெதிர்ப்புச் செல்களின் மேற்பரப்புப் புரதங்கள்

ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு டி செல்லை, அதாவது நோயெதிர்ப்பு வெள்ளையணுக்களில் ஒரு வகையை, எடுத்துக்கொள்வோம். ஓய்வில் இருக்கும்போது அதன் விட்டம் 7 மைக்ரோமீட்டர் அளவுதான். கண் கிடையாது, காது கிடையாது. எதிரே இருப்பது நம் உடலின் நல்ல செல்லா, வைரஸ் புகுந்த செல்லா, இந்த ரத்தக் குழாயை விட்டு வெளியேற வேண்டுமா, தொடர்ந்து ஓட வேண்டுமா என்பதையெல்லாம் அது தெரிந்துகொள்வது தன் சவ்வில் நீட்டிக்கொண்டிருக்கும் புரதங்களின் வழியாகத்தான். அந்தப் புரதங்களில் சில வெளியே உள்ள மூலக்கூறுகளைப் பிடித்துப் பார்த்து உள்ளே சேதி சொல்லும். இவற்றை ஏற்பிகள் என்கிறோம். சில, பக்கத்துச் செல்லையோ குழாயின் சுவரையோ பற்றிக்கொள்ள உதவும். இன்னும் சில, மற்ற செல்கள் பார்ப்பதற்காகவே எதையாவது ஏந்திக் காட்டும்.

இதுவரை பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடும். அங்கே சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. படத்தில் சவ்வின் மீது குத்திவைத்த ஊசிகள் போல வரைந்திருப்பார்களே, அந்தப் புரதங்கள் அப்படி ஓரிடத்தில் நிற்பவை அல்ல. மேலே வந்துகொண்டும் உள்ளே போய்க்கொண்டும் இருப்பவை. ஒரு புரதத்தைச் செல் எவ்வளவு செய்து வைத்திருக்கிறது என்பதைவிட, அதில் எவ்வளவு இந்த நிமிடத்தில் வெளியே நிற்கிறது என்பதுதான் அந்தச் செல்லின் நடத்தையைத் தீர்மானிக்கிறது. உள்ளே ஆயிரக்கணக்கில் கிடந்தாலும், மேலே வராத ஏற்பி எதையும் பார்க்கப்போவதில்லை.

முதலில், மேலே வரும் வழி. செல் சவ்வு என்பது இரண்டு அடுக்குக் கொழுப்பு மூலக்கூறுகளால் ஆனது; தடிமன் ஏறத்தாழ 5 நானோமீட்டர். மேற்பரப்புப் புரதம் இந்தச் சவ்வை ஊடுருவி நிற்க வேண்டும். முழுதாகச் செய்து முடித்த பிறகு கொண்டுபோய்ச் செருகுவது கடினம் என்பதால், செய்யும்போதே அதைச் சவ்வுக்குள் இழைத்துவிடுகிறது செல். புரதச் சங்கிலியின் தொடக்கத்தில் உள்ள ஒரு சிறு பகுதி முகவரி போல வேலை செய்து, புரதத்தைச் செய்யும் ரைபோசோமை, செல்லுக்குள் இருக்கும் எண்டோபிளாச வலை என்ற சவ்வுப் பின்னலுக்கு இழுத்துப் போகிறது. இந்த முகவரி ஏற்பாட்டைக் கண்டுபிடித்ததற்காக குந்தர் பிளோபலுக்கு 1999-இல் நோபல் பரிசு கிடைத்தது. அங்கிருந்து புரதம் நுண்பைகளில் ஏறி கோல்கி உறுப்புக்குப் போகும். அங்கே சர்க்கரைத் தொடர்கள் திருத்தப்படும். பிறகு இன்னொரு நுண்பையில் ஏறி வெளிச்சவ்வை அடையும். நுண்பையின் சவ்வு செல்லின் சவ்வோடு ஒன்றாகக் கலக்கும்போது, பையின் உட்பக்கமாக இருந்தது செல்லின் வெளிப்பக்கம் ஆகிவிடும். எந்தப் பை எந்தச் சவ்வோடு சேர வேண்டும் என்பதை முடிவு செய்யும் புரதங்களைத் தேடிப் பிடித்ததற்காகத்தான் ஜேம்ஸ் ராத்மன், ராண்டி ஷெக்மன், தாமஸ் சூடாஃப் மூவருக்கும் 2013-இன் மருத்துவ நோபல் போனது.

எண்டோபிளாச வலையில் கறாரான ஒரு சோதனை நடக்கிறது. டி செல்லின் ஆன்டிஜன் ஏற்பி (ஆன்டிஜன் என்பது நோயெதிர்ப்புச் செல் அடையாளம் காணும் மூலக்கூறு) ஒற்றைப் புரதம் அல்ல. ஆல்ஃபா, பீட்டா என்ற இரண்டு சங்கிலிகளோடு சிடி3 (சிடி என்பது இத்தகைய மேற்பரப்புப் புரதங்களுக்கு எண் கொடுக்கும் பெயர்முறை) தொகுதியின் ஆறு சங்கிலிகள் சேர்ந்து, மொத்தம் எட்டும் கூடினால்தான் அது முழுமையாகும். ஒன்று குறைந்தாலும் மற்றவை மேலே போக முடியாமல் உள்ளேயே தேங்கும், அல்லது சிதைக்கப்படும். அரைகுறையாகக் கட்டிய ஏற்பி வெளியே போய்த் தப்பும் தவறுமாகச் சேதி சொல்வதைவிட, ஏற்பியே இல்லாமல் இருப்பது நல்லது என்பது போன்ற ஏற்பாடு இது.

இதே விதி ஒரு பரம்பரை நோயிலும் தெரிகிறது. வெள்ளையணுக்கள் ரத்தக் குழாயின் சுவரைப் பற்றிக்கொள்ள உதவும் புரதங்களில் ஒரு குடும்பம், சிடி18 என்ற பொதுவான பாதியைப் பகிர்ந்துகொள்கிறது. அந்த ஒரு மரபணு பழுதானால், அதனோடு ஜோடி சேர வேண்டிய மற்றப் பாதிகள் நன்றாக இருந்தும் மேற்பரப்புக்கு வர முடிவதில்லை. அப்படிப் பிறக்கும் குழந்தையின் ரத்தத்தில் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளையணுக்கள் ஏராளமாக இருக்கும்; காயத்தில் சீழ் மட்டும் பிடிக்காது. தொப்புள்கொடி விழுவதற்கு வழக்கத்தைவிட அதிக நாள் ஆகும். படை முழுவதும் ரத்தத்துக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது, இறங்குவதற்குப் பிடிமானம் இல்லை.

சரி, இனி உள்ளே போகும் வழி. மேற்பரப்பில் நிற்கும் புரதத்தின் வால் பகுதி செல்லின் உட்புறம் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த வாலில் உள்ள சில அமினோ அமில வரிசைகளை இணைப்புப் புரதங்கள் அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும். அவை கிளாத்ரின் என்ற மூன்று கால் வடிவப் புரதத்தை அழைத்து வரும். கிளாத்ரின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக் கூண்டு போல வளைய, சவ்வும் கூடவே குழிந்து, கடைசியில் ஒரு சிறு பையாக அறுந்து உள்ளே விழும். பையின் குறுக்களவு 100 நானோமீட்டர் அளவில் இருக்கும்.

உள்ளே போன பை எண்டோசோம் என்ற பிரிப்பு நிலையத்தோடு சேர்கிறது. இங்கேதான் விதி நிர்ணயமாகிறது. ஒரு வழி, மறுபடி மேற்பரப்புக்கே திரும்புவது. இன்னொரு வழி, லைசோசோமுக்குப் போய் அழிவது. லைசோசோமின் உள்ளே அமிலத்தன்மை அதிகம், பிஎச் அளவு 5-ஐ ஒட்டி இருக்கும். புரதங்களை நறுக்கும் நொதிகளும் நிறைந்திருக்கும். யுபிக்விட்டின் என்ற சிறு புரதம் வாலில் ஒட்டப்பட்டிருந்தால், பெரும்பாலும் அது அழிவுக்கான சீட்டு.

மேற்பரப்பில் தெரியும் எண்ணிக்கையை, குழாயும் திறந்திருந்து அடியில் வடிகாலும் திறந்திருக்கும் தொட்டியின் நீர்மட்டத்தோடு ஒப்பிடலாம். மட்டம் அசையாமல் இருப்பதை வைத்து, தண்ணீரே நகரவில்லை என்று சொல்லிவிட முடியாது. மட்டத்தை உயர்த்த இரண்டு வழிகள் இருக்கின்றன: குழாயைக் கூட்டலாம், வடிகாலைக் குறைக்கலாம். நோயெதிர்ப்புச் செல்களுக்கு இரண்டாவது வழி மிகவும் பிடித்தமானது. புதிதாக ஒரு புரதத்தைச் செய்து மேலே அனுப்பக் கணிசமான நேரம் பிடிக்கும். ஏற்கெனவே உள்ளே இருப்பதை மேலே தள்ளவோ, மேலே இருப்பதை உள்ளே இழுக்கவோ சில நிமிடங்கள் போதும்.

நியூட்ரோஃபில் இதற்கு நல்ல சாட்சி. சுவரைப் பற்றும் புரதங்களில் ஒரு பங்கை அது தன் துகள்களுக்குள் முன்கூட்டியே செய்து அடுக்கி வைத்திருக்கிறது. அழற்சிச் சேதி கிடைத்ததும், சில நிமிடங்களில் அவை வெளிச்சவ்வில் தோன்றிவிடும். அதே சமயம், முன்பு மெதுவாக உருண்டு செல்ல உதவிய எல்-செலக்டின் என்ற புரதம் ஒரு நொதியால் வெட்டப்பட்டு உதிர்ந்துவிடும். இங்கே உள்ளே இழுப்பதுகூட இல்லை, நேரே கத்தரிப்பு.

டி செல்லின் மேல் ஏறத்தாழ 30,000 ஆன்டிஜன் ஏற்பிகள் இருக்கும். ஓய்வில் இருக்கும்போதும் அவை மெல்ல உள்ளே போய் மேலே வந்தபடியே இருக்கின்றன. தனக்குரிய ஆன்டிஜனைச் சந்தித்துத் தூண்டப்பட்டதும் கணக்கு மாறுகிறது. சேதி சொல்லி முடித்த ஏற்பிகள் உள்ளே இழுக்கப்பட்டு, பெரும்பாலும் லைசோசோமுக்கு அனுப்பப்படுகின்றன. ஆகவே, நன்றாகத் தூண்டப்பட்ட டி செல்லில் கொஞ்ச நேரத்துக்கு ஏற்பிகளின் எண்ணிக்கை குறைந்து தெரியும். புதிதாகப் படிப்பவர்கள் இதைப் பார்த்து, செல் பலவீனமாகிவிட்டது என்று நினைப்பதுண்டு. உண்மையில், அது வேலை பார்த்ததற்கான தடயம்.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் சிடிஎல்ஏ-4. டி செல்லை அடக்கும் புரதங்களில் இது முக்கியமானது. இதைத் தடுத்தால் புற்றுநோய்க்கு எதிராக டி செல்களை அவிழ்த்துவிடலாம் என்று காட்டியதற்காகத்தான் ஜேம்ஸ் ஆலிசன் 2018-இல், தசுக்கு ஹோஞ்சோவோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அடக்கும் புரதம் என்றால் மேற்பரப்பு முழுக்க நிறைந்திருக்கும் என்றுதானே எதிர்பார்ப்போம்? நேர்மாறாக, அதில் பெரும்பகுதி எப்போதும் செல்லுக்குள்ளேயே கிடக்கிறது. மேலே வந்த மூலக்கூறும் சில நிமிடங்களில் கிளாத்ரின் வழியாக உள்ளே போய்விடுகிறது.

ஏன் இந்த வீண் ஓட்டம்? இதற்கு ஒரு சுவையான பதில் 2011-இல் வெளிவந்தது. டி செல்லைத் தூண்டும் சிடி80, சிடி86 என்ற புரதங்கள், ஆன்டிஜனைக் காட்டும் செல்களின் மேல் இருக்கின்றன. சிடிஎல்ஏ-4 அவற்றைப் பிடித்ததும், தான் உள்ளே போகும்போது அவற்றையும் பக்கத்துச் செல்லிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகிறது. உள்ளே போன பிறகு அந்தச் சரக்கு சிதைக்கப்படுகிறது. எதிரே இருந்த செல்லோ, தூண்டும் புரதங்களை இழந்து நிற்கிறது. அதனால் மற்ற டி செல்களையும் சரியாகத் தூண்ட முடியாது. உள்ளே போய்வருவதே இங்கே ஆயுதம். சிடிஎல்ஏ-4 அசையாமல் மேலேயே நின்றிருந்தால் இந்தக் கொள்ளை நடந்திருக்காது.

இவ்வளவு அடிக்கடி எண்டோசோமுக்குப் போகிற புரதம், லைசோசோமுக்குள் விழுந்துவிடாமல் தப்ப வேண்டுமே? அதற்கு எல்ஆர்பிஏ என்ற துணைப் புரதம் ஒன்று இருக்கிறது. அது சிடிஎல்ஏ-4-இன் வாலைப் பற்றி, அழிவுப் பாதையிலிருந்து விலக்கித் திருப்பி அனுப்புகிறது. எல்ஆர்பிஏ மரபணு பழுதானவர்களுக்குச் சிடிஎல்ஏ-4 மரபணு நன்றாகவே இருக்கும், புரதமும் உருவாகும். ஆனால் உருவாவதெல்லாம் லைசோசோமில் போய்க் கரைந்துவிடும். விளைவு, தன் உடலையே தாக்கும் நோயெதிர்ப்பு: குடலில் அழற்சி, நுரையீரல் பாதிப்பு, ரத்த அணுக்களின் அழிவு. இந்தத் தொடர்பு 2015-இல் தெளிவானது. நோயின் காரணம் புரிந்தவுடன் மருந்தும் கையிலேயே இருப்பது தெரிந்தது. சிடிஎல்ஏ-4-இன் வெளிப்பகுதியை, குறிப்பிட்ட இலக்கில் ஒட்டும் நோயெதிர்ப்புப் புரதமான ஆன்டிபாடியின் அடிப்பகுதியோடு ஒட்டிச் செய்த அபாடாசெப்ட் என்ற மருந்து, மூட்டுவாத நோய்க்காக ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது. செல்லால் மேலே அனுப்ப முடியாத புரதத்தை ஊசி வழியாக வெளியிலிருந்தே கொடுத்தார்கள், நோயாளிகளிடம் நல்ல பலன் தெரிந்தது. மரபணு வரிசையை மட்டும் பார்த்திருந்தால் சிடிஎல்ஏ-4 மீது யாருக்கும் சந்தேகமே வந்திருக்காது.

அடுத்தது, எங்கே போவது என்ற முடிவு. ரத்தத்திலும் நிணநீரிலும் எஸ்1பி என்ற கொழுப்பு மூலக்கூறு நிறைய இருக்கும். நிணநீர்க் கணுவின் திசுவுக்குள் மிகக் குறைவு. டி செல்லில் அதற்கான ஏற்பி ஒன்று இருக்கிறது. ரத்தத்தில் இருக்கும்போது எஸ்1பி நிறையத் தாக்குவதால் அந்த ஏற்பி உள்ளே இழுக்கப்பட்டே இருக்கும். செல் நிணநீர்க் கணுவுக்குள் நுழைந்ததும் தாக்கம் குறைய, ஏற்பி மெல்ல மெல்ல மேலே வரும். போதுமான அளவு வந்ததும் செல் எஸ்1பி அதிகமுள்ள பக்கத்தை உணர்ந்து, வெளியேறும் வாசலை நோக்கி நகரும். ஏற்பி மேலே வர எடுக்கும் நேரமே, செல் அந்தக் கணுவில் தங்கி ஆன்டிஜனைத் தேடுவதற்கான அவகாசமும் ஆகிவிடுகிறது. தனியாகக் கடிகாரம் எதுவும் தேவைப்படவில்லை.

அங்கே ஆன்டிஜன் கிடைத்துவிட்டால் செல் உடனே கிளம்பிவிடக் கூடாது. பெருகுவதற்கு நேரம் வேண்டும். தூண்டப்பட்ட சில மணி நேரங்களில் சிடி69 என்ற புரதம் மேற்பரப்புக்கு வருகிறது. அது எஸ்1பி ஏற்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே இழுத்துப் போய்விடுகிறது. வாசலை உணரும் ஏற்பி இல்லாததால் செல் கணுவிலேயே தங்கிவிடும். காய்ச்சல் நேரத்தில் நெறி கட்டுவதற்குப் பின்னால் உள்ள காரணங்களில் இதுவும் ஒன்று. இதே பொறியை மருந்தாக மாற்றியதுதான் ஃபிங்கோலிமோட். அது எஸ்1பி ஏற்பியை உள்ளே தள்ளிச் சிதைய வைக்கும். டி செல்கள் கணுக்களில் அடைபட்டு, மூளைப் பக்கம் போவது குறையும். நோயெதிர்ப்பு தன் நரம்பு மண்டலத்தையே தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்கு 2010-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. செல்களைக் கொல்லாமல் முகவரியை மட்டும் மறைக்கும் மருந்து என்று இதைச் சொல்லலாம்.

ஆன்டிஜனைக் காட்டும் செல்களில் ஒரு வகையான டென்ட்ரைட்டிக் செல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆன்டிஜன் துண்டுகளை ஏந்திக் காட்டும் இரண்டாம் வகை எம்எச்சி புரதத்தை, முதிராத நிலையில் இவை பெருமளவு உள்ளேயே வைத்திருக்கும். மேலே வந்ததும் யுபிக்விட்டின் ஒட்டித் திரும்ப இழுத்துக்கொள்ளும். கிருமியின் அடையாளம் தெரிந்ததும் அந்த ஒட்டுதல் நின்றுவிடும். காட்ட வேண்டிய நேரத்தில் வடிகால் மூடப்படுகிறது.

இந்தப் போக்குவரத்தை நம்மைவிட வெகு காலம் முன்பே படித்துவைத்தவை வைரஸ்கள். எச்ஐவி செய்யும் நெஃப் என்ற சிறு புரதம், ஒரு பக்கம் டி செல்லின் மேலிருக்கும் சிடி4 புரதத்தின் வாலையும் மறுபக்கம் கிளாத்ரின் இணைப்புப் புரதத்தையும் பிடித்து இரண்டையும் சேர்த்துவிடும். சிடி4 உள்ளே போய் அழியும். இதோடு நிற்காமல், தொற்றைக் காட்டிக்கொடுக்கும் முதல் வகை எம்எச்சி புரதங்களையும் அது மேற்பரப்பிலிருந்து அகற்றுகிறது. அதிலும் ஒரு தந்திரம்: மனிதர்களின் முதல் வகை எம்எச்சி புரதங்களில் எச்எல்ஏ-ஏ, எச்எல்ஏ-பி இரண்டையும் குறைத்துவிட்டு, எச்எல்ஏ-சி-யைப் பெரும்பாலும் விட்டுவைக்கும். ஏனென்றால், எம்எச்சி எதுவுமே இல்லாத செல்லை, பழுதான செல்களைக் கொல்லும் என்கே செல்கள் சந்தேகப்பட்டுக் கொன்றுவிடும். சைட்டோமெகலோ வைரஸ் இன்னும் முன்னாலேயே கை வைக்கிறது. அது எம்எச்சி புரதத்தை எண்டோபிளாச வலையிலிருந்தே பின்பக்கமாக இழுத்து வெளியே எறிந்து சிதைக்க வைக்கிறது. மேலே வருவதற்கு வாய்ப்பே தருவதில்லை.

சரி, ஒரு புரதம் மேலே இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒளிரும் சாயம் ஒட்டிய ஆன்டிபாடியைச் செல்களோடு கலப்பார்கள். ஆன்டிபாடி பெரிய மூலக்கூறு, சேதமாகாத சவ்வைத் தாண்டி உள்ளே போகாது. ஆகவே மேலே இருப்பதில் மட்டும் ஒட்டும். பிறகு ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற கருவி ஒவ்வொரு செல்லையும் லேசர் முன்னால் ஓடவிட்டு ஒளியை அளக்கும். உள்ளே இருப்பதையும் பார்க்க வேண்டுமானால், செல்களை ஃபார்மால்டிஹைடு போன்ற ரசாயனத்தால் அப்படியே நிலைநிறுத்தி, சபோனின் கொண்டு சவ்வில் துளையிட்டு, அதற்கப்புறம் ஆன்டிபாடியைச் சேர்ப்பார்கள். தூண்டப்பட்ட டி செல்களை இரண்டு குழாய்களில் பிரித்து, ஒன்றுக்குத் துளையிடாமலும் மற்றதற்குத் துளையிட்டும் சிடிஎல்ஏ-4-ஐப் பார்த்தால், முதல் குழாயில் வரைபடத்தின் மேடு ஒளி குறைவான இடப்பக்கமே கிட்டத்தட்ட ஒதுங்கி நிற்கும். இரண்டாவதில், ஒளி அதிகமான வலப்பக்கம் நன்றாகத் தள்ளிப் போயிருக்கும். ஒரே செல்கள், ஒரே ஆன்டிபாடி.

இந்த வேலையில் பனிக்கட்டிக்கு முக்கிய இடம் உண்டு. 37 டிகிரியில் செல்லின் இழுப்பு வேலை நடந்துகொண்டேயிருக்கும். 4 டிகிரியில் கிட்டத்தட்ட நின்றுவிடும். குழாயை மேசை மீது அப்படியே விட்டுவிட்டால், ஆன்டிபாடியே ஏற்பிகளை ஒன்றோடொன்று பிணைத்து உள்ளே போகத் தூண்டிவிடும். அளக்கப் போன எண்ணிக்கையை அளக்கும் செயலே மாற்றிவிடும். அதே சூடு சில நேரம் வேண்டுமென்றேயும் பயன்படும். கொலைகார டி செல் தன் துகள்களை வெளியே கொட்டும்போது, துகளின் உட்சுவரில் இருந்த சிடி107ஏ என்ற புரதம் ஓரிரு கணம் மேற்பரப்பில் தெரிந்துவிட்டு மறுபடி உள்ளே போய்விடும். அதனால் ஆன்டிபாடியை முன்பே கலந்து, செல்களை 37 டிகிரியில் வேலை செய்யவிடுவார்கள். மேலே தலை காட்டிய ஒவ்வொன்றும் ஆன்டிபாடியோடு உள்ளே திரும்பும். கொட்டிய செல் எது என்பது பிறகு பார்த்தாலும் தெரியும்.

மருந்து தயாரிப்பவர்களுக்கும் இதே கேள்விதான் முதலில் வருகிறது: நான் குறிவைக்கும் புரதம், ஆன்டிபாடி ஒட்டியதும் உள்ளே போகுமா, மேலேயே நிற்குமா? ஆன்டிபாடிகளைச் செய்யும் வெள்ளையணு வகையான பி செல்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றின் மேல் சிடி20, சிடி22 என்று இரண்டு புரதங்கள் உண்டு. சிடி20 எளிதில் உள்ளே போகாது. அதன் மேல் ஒட்டும் ரிட்டுக்சிமாப், வெளியே நின்றபடியே என்கே செல்களையும், விழுங்கி அழிக்கும் மேக்ரோஃபேஜ்களையும் கூப்பிட்டுப் புற்று பி செல்லைக் கொல்ல வைக்கிறது. 1997-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சிடி22-ஓ ஆன்டிபாடி ஒட்டியதும் விரைவில் உள்ளே போய்விடும். கூப்பிடும் வேலைக்கு அது அவ்வளவாக உதவாது. ஆனால் ஆன்டிபாடியின் முதுகில் ஒரு நஞ்சைக் கட்டி அனுப்பினால், செல் தானே அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு 2017-இல் அனுமதி பெற்ற இனோட்டுசுமாப் ஓசோகாமைசின் இப்படித்தான் வேலை செய்கிறது: எண்டோசோம் வழியாக லைசோசோமுக்குப் போய், அங்கே நஞ்சு பிரிந்து, செல்லின் டிஎன்ஏவை உடைக்கிறது.